வாய் கொப்பளிக்கும் நேரம்

ஜூலை 4, வெள்ளி இரவு

உதடு படிக்கத் தெரிந்த அண்ணாவுக்கு,

நீ ஒரு பெரிய பொய்யன் என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. என் வகுப்பில் எல்லோருக்கும் அந்தப் பொய் தெரிந்துவிட்டது. ஆனால் அவர்கள் என்னைத்தான் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா தூங்குகிறாள். அப்பா பம்பு நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் நடையில் வாஷ்பேசினுக்குக் கீழே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் கண்ணாடி மேலே இருக்கும் சின்ன விளக்கு மட்டும்தான் சுவிட்ச் சத்தம் போடாமல் எரியும். தலையை நிமிர்த்தினால் பேசினில் இடித்துக்கொள்வேன். இரண்டு முறை இடித்துக்கொண்டேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், பயம் இல்லை. பயமும்தான்.

எங்களுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் படம் போட்டுக் காட்டி அதை வைத்துக் கேள்வி கேட்பார். நல்லவன் கெட்டது செய்யலாமா, பார்த்தும் பேசாமல் இருந்தவன் குற்றவாளியா, இந்த மாதிரி. நாங்கள் என்ன பதில் சொன்னாலும் "ஆனால்?" என்பார். அதனால் அவருக்கு ஆனால் டீச்சர் என்று பெயர். போன வாரம், உங்களை ரொம்ப யோசிக்க வைத்த ஒரு படத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார். நான் நம்முடைய பனிப் படத்தை, எப்போதும் பனி கொட்டுமே அந்த வேற்றுமொழிப் படத்தைப் பற்றி எழுதினேன்.

வேறு எதை எழுதுவேன்? அப்பா தூங்கும் மத்தியானங்களில், டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, நீயும் நானும் தரையில் ஒட்டி உட்கார்ந்து பார்த்த எல்லாப் படங்களிலும் எனக்கு அதுதான் பிடிக்கும். நீ என் காதுக்குள் வசனம் சொன்னாய். "எனக்கு உதடு படிக்க வரும், எந்த மொழியா இருந்தாலும் சரி" என்றாய். நான் நம்பினேன்.

அதனால் நீ சொன்ன கதையையே எழுதினேன். தொப்பிக்காரனும் மீசைக்காரனும் அண்ணன் தம்பி. சின்ன வயதில் அண்ணன் செய்த திருட்டுக்குத் தம்பி ஜெயிலுக்குப் போனான். இப்போது அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தம்பியின் கடிகாரக் கடைக்கு வருகிறான், யார் என்று சொல்லாமலே படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் தம்பியின் மனம் உடையும், சொல்லாவிட்டால் தன் மனம் உடையும், யார் மனம் உடைவது நியாயம் என்று கேட்டு முடித்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

டீச்சருக்கு அது எந்தப் படம் என்று தெரிந்துவிட்டது. இன்றைக்குக் கொண்டுவந்தார். என்னை முன்னால் நிறுத்திக் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தோளில் கை வைக்கிற இடத்தை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அப்புறம் படம் ஓடியது, சத்தத்தோடு, கீழே எழுத்தோடு.

அவர்கள் அண்ணன் தம்பி இல்லை. தொப்பிக்காரன் கடையைக் காலி செய்ய வைக்க வந்த அதிகாரி. தோளில் கை வைத்துக்கொண்டு, "உன் தோள் இன்னும் அதே மாதிரி சூடா இருக்குடா" என்று தம்பிக்குக் கேட்காமல் நீ முணுமுணுக்கவைத்தாயே, அந்த இடத்தில் அவன் சொல்வது, "வெள்ளிக்கிழமைக்குள் சாவியைக் கொடுத்துவிடு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. என் பின்பெஞ்சுக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

படம் முடிந்ததும் டீச்சர், "பார்க்காத படத்தைப் பார்த்ததா எழுதுறது ஒரு வகைத் திருட்டு. அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வேன்? பார்த்தேன் என்றால் எங்கே, எப்போது, ஏன் சத்தம் இல்லாமல் என்று வரும். கடைசியில் உன் பேர் வந்து நிற்கும். இந்த வீட்டில் உன் பேரையே யாரும் எடுப்பதில்லை. பகலில் டிவி கூடாது என்ற அப்பாவின் ஒரே கட்டளையை நீ வருஷக்கணக்காக மீறினாய், எனக்குப் பொய்யும் சொல்லிக்கொடுத்தாய் என்று தெரிந்தால், நீ இனி இந்த வீட்டுக்குள் கால் வைக்கவே முடியாது. அதுதான் என் பயம். அடி விழுமே என்றில்லை.

சீட்டு கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தத் தோள் காட்சிக்கு நான் எவ்வளவு அழுதேன் என்று உனக்குத் தெரியும். அப்படி ஒரு தம்பியே இல்லை என்றால், நான் யாருக்காக அழுதேன்?

வாலு

பி.கு.: தையல் அக்காவின் கடை முகவரிக்கே எழுது. அவருக்கு இது காதல் கடிதம் என்று நினைப்பு. "உன் ஆளு கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே, படிச்சவன்தானா?" என்று கேட்டார்.


ஜூலை 9, புதன்

வாலுக்கு,

தையல் அக்காவிடம் சொல், நான் படித்தவன்தான், எழுதத்தான் வராது.

உன் கடிதத்தை டப்பிங் அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். தோள் காட்சி வந்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. சாவியைக் கேட்பவனையா நான் அத்தனை உருக்கமாகப் பேசவைத்தேன்.

எனக்கு உதடு படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வேலையில் பாதி நேரம் மிச்சம். நீ அப்போது ரொம்பச் சின்னவள். "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று சட்டையைப் பிடித்து இழுப்பாய். தெரியாது என்றால் நீ எழுந்து போய்விடுவாய். தனியாகப் படம் பார்க்க எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது சும்மா செய்ததை இப்போது சம்பளத்துக்குச் செய்கிறேன். வேறு மொழிப் படம் திரையில் சத்தம் இல்லாமல் ஓடும். அவன் வாய் அசைவதற்கு நம் மொழியில் வசனம் எழுத வேண்டும். பொருள் சரியாக இருந்தால் போதாது, உதடு பொருந்த வேண்டும். அவன் உதடு எங்கே மூடுகிறதோ அங்கே நமக்கும் ஒரு ப, ஒரு ம வந்தே தீரணும். பாவம், அம்மா, போ, வேணாம், இப்படி ஏதாவது. ப, ம வராவிட்டால் எங்களை வேலை வாங்கும் பெரியவர், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னய்யா, அவன் வாயை மூடுறான், நீ திறந்து வச்சிருக்க" என்பார். நேற்று ஒரு கதாநாயகி "உன்னை வெறுக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் உதடு மூடித் திறந்து மூடியது. கடைசியில் "போதும்பா" என்று எழுதினேன். படமே மாறிப்போன மாதிரி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, யாருக்காக அழுதாய் என்ற உன் கேள்விக்குப் பதில் சொல்ல நான் தகுதியான ஆள் இல்லை. இரண்டு படத்திலும் முகம் ஒன்றுதான். அந்த நடிகன் கையைத் தோளில் வைத்தபோது அவன் முகத்தில் ஏதோ இருந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வசனம் வாயில் வந்தது. அதிகாரிக்கும் அப்படி ஒரு முகம் இருக்கலாம், இல்லையா? சாவியைக் கேட்கும்போதே கேட்கப் பிடிக்காமல் இருக்கலாம். உன் ஆனால் டீச்சரிடம் கேட்டுப் பார்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் கொடு. எல்லாப் பழியையும் என் மேல் போடு. அண்ணன்தான் டிவி போட்டான், அண்ணன்தான் பொய் சொன்னான் என்று சொல். எனக்கு இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை. அவர் சொல்ல வேண்டியதை நான் கிளம்பின அன்றைக்கே சொல்லிவிட்டார். வேலை முடிந்து காலையில் வந்திருந்தார். வாஷ்பேசினில் குனிந்து நின்றார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் பையோடு வாசலில் நின்று, "அப்பா, நான் கிளம்பறேன்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, "போடா" என்றார். ஒரே வார்த்தை.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. அம்மா வேலை இடத்திலிருந்து போன் பண்ணினால் "சாப்பிட்டியா" என்பாள், "சாப்பிட்டேன்" என்பேன், வைத்துவிடுவாள். அதில் இதை எங்கே நுழைப்பது?

பயப்படாதே.

அண்ணன்


ஜூலை 13, ஞாயிறு இரவு

அண்ணாவுக்கு,

சீட்டை இன்னும் கொடுக்கவில்லை. டீச்சர் வெள்ளிக்கிழமை கேட்டார், அப்பாவுக்கு இரவு வேலை, பகலில் தூங்குவார் என்றேன். "ஆனால் என்றாவது எழுந்திருப்பார் அல்லவா?" என்றார்.

இதை வேறு விஷயத்துக்காக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நேற்று இரவு இதே வாளி மேல் உட்கார்ந்து படித்தேன். "போடா" என்ற இடம் வந்ததும் எனக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைக்க எழுந்தேன், வழக்கம்போல் பேசினில் இடித்துக்கொண்டேன். பேசின் மேல் டம்ளரில் நம் எல்லோருடைய பிரஷும் இருக்கும் அல்லவா, அது ஆடியது. அப்பாவின் பச்சை பிரஷ் விளிம்பில் சுற்றிவந்து நின்றது.

அப்போது ஞாபகம் வந்தது. நீ கிளம்பின அன்று காலையில் நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அழுதது யாருக்கும் தெரியக்கூடாது என்று ஈரச் சட்டைக்குப் பின்னால் நின்றேன். பால்கனி ஜன்னல் பேசினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உனக்கு அவர் முதுகு தெரிந்தது. எனக்கு முகம் தெரிந்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. நமக்குப் பழக்கமான மாதிரிதான், படம் உண்டு, சத்தம் இல்லை.

அண்ணா, அவர் வாயில் பிரஷ் இருந்தது. வாய் முழுக்க நுரை. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நீதான் எழுதினாய், உதடு மூடாமல் ப வராது என்று. நான் இப்போது என் பிரஷை வாயில் வைத்து, பேஸ்ட்டும் போட்டு, "போடா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "ஓஆ" என்றுதான் வருகிறது. எத்தனை முறை சொன்னாலும் "ஓஆ." ஒரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அம்மா உள்ளே இருந்து, "யாருக்கு வாந்தி?" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்றேன். வாயில் நுரையோடு சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீயும் அதைக் கேட்கவில்லை. நீ கேட்டது "ஓஆ." மீதியை நீ எழுதினாய். உனக்கு அதுதானே வேலை.

கோபமா?

வாலு


ஜூலை 18, வெள்ளி

வாலுக்கு,

கோபம்தான். உன் மேல் இல்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் உன் மேலும்தான்.

நான் வாசலில் நின்றேன், நீ ஜன்னலுக்கு வெளியே நின்றாய். நான் கேட்டேன், நீ கேட்கவில்லை. ஒரு மனுஷன் தன் அப்பா சொன்னதை மறப்பானா? அந்த வார்த்தையோடு நான் இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன். பஸ்ஸில் அதுதான், குளிக்கும்போது அதுதான். நீ பிரஷையும் பேஸ்ட்டையும் வைத்துக்கொண்டு ஒரு இரவில் அதை அழித்துவிடப் பார்க்கிறாய்.

முந்தின நாள் சாப்பிடும்போது என்ன நடந்தது என்று நீயும்தான் கேட்டாய். பம்பு நிலையத்தில் எனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். வேண்டாம், டப்பிங் கூடத்துக்குப் போகிறேன் என்றேன். "உன் வாயில வர்றது பூரா கதை" என்றார். அப்போது வாயில் பிரஷ் இல்லை. அப்படிச் சொன்னவர் மறுநாள் காலையில் போடா என்று சொல்ல மாட்டாரா?

மேலே எழுதினதை மத்தியானம் எழுதினேன். இப்போது வேலை முடிந்துவிட்டது, அறைக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு காட்சி வந்தது. ஒரு கிழவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மகளிடம் பேசுகிறான், வாய் தெரியவில்லை. இந்த மாதிரிக் காட்சி வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். உதடு பொருத்த வேண்டாம். இயக்குநருக்குப் பிடிக்காத வசனத்தையெல்லாம் முதுகு திரும்பின இடத்தில்தான் மாற்றி எழுதுவோம். "முதுகு காட்டினவன் வாயில எதை வேணா வைக்கலாம்" என்று பெரியவர் அடிக்கடி சொல்வார். இன்றைக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

நீ சொல்வது உண்மையாக இருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா? அவர் விரட்டினார், நான் போனேன் என்று இருந்தால் நான் பாதிக்கப்பட்டவன். அவர் விரட்டவே இல்லை என்றால் நான் யார்? சும்மா வீட்டை விட்டு ஓடினவனா?

அவரிடம் நீ எதையும் கேட்காதே. கேட்டால், அப்படித்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுவார். அதைத் தாங்க முடியாது.

சீட்டை மட்டும் கொடுத்துவிடு. ஒளித்துவைக்க ஒளித்துவைக்கப் பயம் பெரிதாகும். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

அண்ணன்


ஜூலை 24, வியாழன் இரவு

அண்ணாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் இதைத் தெரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே சீட்டை நீட்டினேன். நின்றபடியே படித்தார். "படம் எழுதினியா?" என்றார். படத்தைப் பற்றி எழுதினேன் என்றேன். "ம்" என்றார். சட்டைகூட மாற்றவில்லை. முழங்கையில் கிரீஸோடு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

ஆசிரியர் அறையில் டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டார். உட்காரவில்லை, கிரீஸ் ஒட்டும் என்றார்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிதான் சார். ஆனால் பார்க்காத படத்தைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கா. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

அப்பா என் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் எவ்வளவு மெதுவாகப் படிப்பார் என்று உனக்குத் தெரியும். மணி அடித்து இன்னொரு வகுப்பே ஆரம்பித்துவிட்டது. தாளைத் திருப்பி மேஜை மேல் வைத்தார்.

"பாத்திருக்கா டீச்சர்" என்றார்.

"இல்ல சார், நீங்க அப்படி நினைக்கறீங்க. இந்த மாதிரி வசனமே அந்தப் படத்துல கிடையாது. நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் பாக்கல. கேட்டேன்."

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"என் பையன் சொல்லுவான், இவ கேப்பா. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பேன். உன் தோள் இன்னும் அதே மாதிரி சூடா இருக்குடான்னு ஒருத்தன் சொல்லுவான். சரியாத்தான் எழுதியிருக்கா. ஒரு எழுத்து மாறல."

அண்ணா, அவர் தூங்கவே இல்லை. இத்தனை வருஷமும்.

டீச்சர் "ஆனால்" என்று ஆரம்பித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ ஏன்மா இதை அன்னைக்கே சொல்லல?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. வருகிற வாரம் அந்தப் படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு வகுப்பில் மறுபடியும் போடுவாராம், ஆளுக்கு ஒரு வசனம் எழுத வேண்டுமாம். திருட்டு என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தார். அது வேறு எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அப்பா வாசல் வரைக்கும் வரச் சொன்னார். மரத்தடியில் நின்றோம்.

"ஏன்ப்பா எங்களைத் திட்டல?" என்றேன்.

"எதுக்குத் திட்டறது? ராத்திரி பூரா பம்பு ஓடுதுல்ல, அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்தும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அவன் கிசுகிசுன்னு ஆரம்பிச்சாத்தான் அது நிக்கும். பாதிப் படத்துல தூங்கிடுவேன். எழுந்து பாக்கலாம்னு ஒரு நாள் தோணுச்சு. வந்தா நிறுத்திடுவீங்க."

அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தப் பாலத்து மேல நின்னான் பாரு தொப்பிக்காரன், அவன் என்ன ஆனான்? அன்னைக்குன்னு பாத்து எனக்கு இருமல் வந்துடுச்சு. நீங்க டக்குன்னு அணைச்சுட்டீங்க" என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பாலத்தின் நடுவில் நிற்பான், பின்னால் கடிகாரக் கடையில் விளக்கு எரியும், அப்போது அப்பா இருமினார், நீ டிவியை அணைத்துவிட்டாய். எனக்கும் முடிவு தெரியாமலே இருந்தது. வகுப்பில்தான் பார்த்தேன். அவன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான்.

அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அதிகாரியின் முடிவு. அப்பா கேட்டது அண்ணன்காரனின் முடிவு.

"தெரியலப்பா. சொன்னவனைத்தான் கேக்கணும்" என்றேன்.

நீ கேட்காதே என்று சொன்னதை மறக்கவில்லை. நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். பள்ளிக்கூடக் கேட்டைத் திறந்தார், வெளியே போகவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அவன் நிக்க மாட்டான்மா. அன்னைக்கே நிக்கலையே. பொறுடா, பொறுடான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், வாயில பிரஷ்ஷு. வாயைக் கொப்பளிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள போயிட்டான். கதவைக்கூடச் சாத்தல."

பொறுடா, அண்ணா. போடா இல்லை. பொறுடா.

"போன் பண்ணியிருக்கலாமேப்பா" என்றேன்.

"பண்ணி? போய்ச் சேந்தவன்கிட்டப் பொறுடான்னு எப்படிச் சொல்றது?" என்றார். "அப்படியே விட்டுட்டேன்."

அதற்குமேல் நிற்காமல் தூங்கப் போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடத்துக்குள் திரும்பி வந்தேன். பின்பெஞ்சுக்காரி, "உங்கப்பா அடிச்சாரா?" என்று கேட்டாள். இல்லை, படத்தின் முடிவைக் கேட்டார் என்றேன். அவள் நம்பவில்லை.

நீ நம்புவாய் அல்லவா?

வாலு


ஜூலை 31, வியாழன் இரவு

அண்ணாவுக்கு,

பதில் இல்லை. தையல் அக்கா, "விட்டுட்டுப் போயிட்டானா? போனாப் போறான் விடு, கையெழுத்தே சரியில்ல" என்று ஒரு துண்டு பட்டுத் துணி கொடுத்து ஆறுதல் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. மத்தியானம் நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். சத்தம் இல்லாமல்தான். ஒரு கப்பலில் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். நான் உன்னை மாதிரி மெதுவாக வசனம் சொல்லிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் சத்தம் போட்டது. அப்புறம் அப்பா எழுந்து வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், திறந்தார், மறுபடி மூடினார்.

"நல்லாத்தான் சொல்ற. ஆனா அவன் மாதிரி வரல" என்றார்.

எனக்கு இது வருத்தமாக இல்லை என்று நீ நினைத்தால் தப்பு.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வாலு


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாலுக்கு,

தையல் அக்காவிடம் சொல், விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை, கொஞ்சம் மந்தமான ஆள்.

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு நாளும் பதில் எழுத உட்கார்ந்தேன். "பொறுடா" என்று எழுதிப் பார்ப்பேன், "போடா" என்று எழுதிப் பார்ப்பேன், பேனாவை மூடிவிடுவேன்.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டப்பிங் அறைக்குள் பிரஷோடு போனேன். பேஸ்ட்டும் கொண்டுபோனேன். மைக் முன்னால் நின்று, வாய் நுரையோடு "பொறுடா" என்று சொல்லிப் பதிவு செய்தேன். குழாய்ச் சத்தம் இருந்தால்தான் நியாயம் என்று, எங்களிடம் இருக்கிற ஒலிகளில் ஒரு குழாய்ச் சத்தத்தையும் எடுத்து அடியில் சேர்த்தேன். போட்டுக் கேட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உள்ளே வந்தார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்.

"யாருய்யா இது, போடா போடான்னு யாரையோ விரட்டுறான்?" என்றார்.

காது கூர்மைக்குப் பேர் போனவர் அவர். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். அப்பா வேறு மாதிரிச் சொன்னார் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. வெட்கம் வந்தது. முந்தின இரவு நடந்த சண்டையில் எனக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. அவர் முதுகைப் பார்த்து அந்த முடிவை நானே எழுதிக்கொண்டேன். சாவி கேட்க வந்த அதிகாரியை அண்ணனாக்கத் தெரிந்த எனக்கு, சொந்த அப்பாவுக்கு ஒரு நல்ல வசனம் வைக்கத் தெரியவில்லை. யாருக்காக அழுதாய் என்று கேட்டாயே, நானும்தான் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருஷமாக நான் எந்த அப்பாவிடம் கோபித்துக்கொண்டிருந்தேன்? அப்படி ஒருத்தர் அந்த வீட்டில் இல்லவே இல்லையே.

பாலத்துக்காரன் விஷயம். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவனுக்கு நான் முடிவே யோசித்திருக்கவில்லை. அவர் இருமியது எனக்கு நல்லதாகப் போயிற்று. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன் என்று உன்னையும் ஏமாற்றிக்கொண்டே இருந்தேன், நீயும் மறந்துவிட்டாய். அவர் மறக்கவில்லை. அவன் ஏன் நடுப்பாலத்தில் நின்றான் என்பது மட்டும் இப்போது தெரிகிற மாதிரி இருக்கிறது. பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பெரியவரிடம் லீவு கேட்டுவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல், சாப்பிடாமல்தான் வருகிறேன் என்று. அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. அவர் வந்து செருப்பைக் கழற்றட்டும், குழாயைத் திறக்கட்டும், பல் தேய்க்கட்டும். நீ பால்கனியில் நின்று பார்த்துக்கொள். நான் பையோடு அதே வாசலில் நிற்கிறேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு என்ன சொன்னாலும் சரி, வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பும் வரைக்கும் அங்கிருந்து நகர மாட்டேன்.

அண்ணன்